கரையான் உபயம்

டோரிஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது தோசைக்கல்லுக்குத்தான். சிலிம் ரிவருக்குப் போகிற சாலையோரத்தில் ஒட்டுக்கடை போட்டிருக்கிறார். காலையில் தோசையும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும். கரண்டி கல்லில் படுகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று வாடிக்கைக்காரர்கள் முடிவு பண்ணிவிடுவார்கள். புருஷன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர், போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் ஷார்மேன் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். தனியாகக் கிடந்து ஏன் சாகிறாய், இங்கே வந்து இரு என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அக்காவிடம் ஒரே பதில்தான். கோவில் சாவி தன்னிடம் இருக்கிறதாம்.

அந்தக் கோவில் பெல்மோர் தோட்டத்துச் செபஸ்தியார் கோவில். அதற்குள் நுழைகிறவர்கள் சாமி கும்பிடுவதற்கு முன்னால் பெயர் படித்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் பித்தளைத் தகடு, இன்னார் குடும்பத்தார் உபயம், ஈப்போ. தீர்த்தத் தொட்டியில் பெயர். மைக் வைக்கிற கம்பியில் பெயர். காத்தாடி இறக்கையிலும் சிவப்புப் பெயிண்டில் பெயர். காத்தாடி சுற்றினால் பெயர் தெரியவில்லையே என்று ஒரு குடும்பத்துக்கு மனத்தாங்கல் வந்து, ஒரு வருஷம் திருவிழாப் பூசை முடிகிறவரை அதைப் போடாமலே வைத்திருந்தார்கள். சபை மொத்தமும் வேர்த்து ஒழுகியது. இதை எங்கே போய்ச் சொல்வது?

கோவிலைக் கட்டினவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில், பகலெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, இரும்பு மாதிரி கனக்கிற செங்கால் மரத்தைத் தோளில் சுமந்து தூண் நட்ட தோட்டத்து ஜனங்கள் அவர்கள். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, கூரைக்குக் கீழே காற்று போக மரச் சல்லடை. அவ்வளவுதான் கோவில். பிறகு பால் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள், செம்பனை வைத்தார்கள், தொழிலாளர்கள் இருந்த லயங்களை இடித்தார்கள். படித்தவர்களும் பிழைக்கத் தெரிந்தவர்களும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். போக முடியாதவர்கள் தோட்டத்து ஓரத்தில் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பு வீடுகளில் தங்கினார்கள். அதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கைவிரலுக்குள் அடங்கும். மற்றதெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகள்.

அந்த வீடுகளின் முன்னறையைப் பார்த்திருக்கிறீர்களா? சோபா ஒன்றைப் போட்டால் மனுஷன் குறுக்கே நடக்க வழியில்லை. ஒரு சாவு விழுந்தால் பெட்டியை எங்கே வைப்பது? செபஸ்தியார் கோவிலில்தான். செத்தவர் நெற்றியில் திருநீறு இருந்தால் என்ன, சிலுவை இருந்தால் என்ன, பீடத்துக்கு முன்னால் ஒரு திரையை இழுத்துவிட்டு டோரிஸ் அக்கா கதவைத் திறந்துவிடுவார். ஆற்றில் வெள்ளம் ஏறினால் ஜனங்கள் படுப்பது அங்கே. கிளினிக்கிலிருந்து சர்க்கரை சோதிக்க வருகிற நர்சுகள் மேசை போடுவதும் அங்கே. பக்கத்து வீட்டு தினேஸ்வரி, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலங்களில் தாமான் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான். வருஷம் முழுக்க அந்தக் கட்டடத்தில் மனுஷ வாடை இருந்துகொண்டே இருந்தது.

ஈப்போக்காரர்கள் வருவது ஜனவரியில், செபஸ்தியார் திருவிழாவுக்கு மட்டும். காலையில் கார்களில் வந்து இறங்கி, சப்பரம் தூக்கி, பிரியாணி சாப்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் போய்விடுவார்கள். போகும்போது அடுத்த வருஷத்துக்கு என்ன உபயம் என்று பேசிக்கொண்டே போவார்கள். திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர் சூசைநாதன், டோரிஸ் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, ஈப்போவில் குனோங் ராபாட் மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். நல்லவர்தான். தங்கச்சிக்குக் கஷ்டம் என்றால் ஓடி வருவார். ஆனால் ஒரு காரியத்தைச் செய்தால் அது நாலு பேர் கண்ணில் பட வேண்டும், அது அவர் ரத்தத்தில் ஊறினது.

அவர்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா நினைவாகக் கோவிலுக்கு சீலிங் போட்டது. வெள்ளை வெளேரென்று, பூ வேலைப்பாட்டோடு, நடுவில் அப்பா பெயர் எழுதிய வட்டத் தகட்டோடு. ஏர்கோன் வைக்கப் போகிறோம் என்று கூரைக்குக் கீழிருந்த மரச் சல்லடைகளையும் பலகை அடித்து மூடினார்கள். டோரிஸ் அக்காவை யாரும் கலந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிப் போடச் சொன்னார்கள், போட்டார். கடைசியில் ஏர்கோனும் வரவில்லை. அதைக் கொடுக்க இருந்த குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் யார் பெயர் முன்னால் வருவது என்று சண்டை.

காற்று நின்ற இடத்தில் ஈரம் தங்கியது. சீலிங்கைத் தாங்க வைத்த மலிவு மரச் சட்டத்தில் கரையான் ஏறியது. அது சட்டத்தைத் தின்று, அங்கிருந்து கூரையின் கைமரங்களுக்குப் போனது. கீழே இருந்து பார்த்தால் வெள்ளைப் பூவேலைதான் தெரியும். நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம், தினேஸ்வரி பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, சீலிங்கில் ஒரு துண்டு பெஞ்சின் மேல் விழுந்தது. அந்தப் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார்கள். தினேஸ்வரி அழவில்லை, கத்தவில்லை. பிள்ளைகளை வெளியே ஓட்டிவிட்டு, டோரிஸ் அக்காவைக் கூப்பிட்டு, மேலே தெரிந்த பொந்தைக் காட்டினார். உள்ளே மரம் ஊறின ரொட்டி மாதிரி இருந்தது.

பங்குக் கோவிலிலிருந்து ஃபாதர் வந்து பார்த்தார். இளவயசுக்காரர், இது மாதிரி பல கோவில்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். உள்ளே யாரும் போகக் கூடாது, திருவிழாப் பூசை வெளியே கூடாரத்தில் நடக்கட்டும், அதற்குப் பிறகு வருகிற தவக்காலம் தொடங்குவதற்குள் கூரையைச் சரி பண்ணாவிட்டால் நிரந்தரமாகப் பூட்டச் சொல்லி மேலே எழுதுவதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு பிள்ளையின் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டோரிஸ் அக்காவுக்கு ஃபாதர் மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோபத்தை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

அண்ணனின் குனோங் ராபாட் வீட்டில் கமிட்டி கூடியிருந்தது. கறிப்பாப் தட்டு சுற்றி வந்தது. பேச்செல்லாம் சப்பரத்துக்கு இந்த வருஷம் போடப் போகிற ஓடுகிற கலர் விளக்கைப் பற்றி. அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து கூரையைப் பற்றிச் சொன்னார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா, கபடமே இல்லாமல், மனசில் பட்டதைக் கேட்டுவிட்டார்.

"கைமரத்துக்குக் குடுத்தா பேரு எங்கக்கா போடுறது? மேல யாரு பாக்கப் போறா?"

டோரிஸ் அக்கா கடித்த கறிப்பாப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. நியாயமான சந்தேகம் என்பது போல எல்லாரும் சூசைநாதனைப் பார்த்தார்கள்.

சூசைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் இதைப் பற்றி யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். முன்பக்கத்துக்கு நல்ல பெயிண்ட் அடித்துவிடலாம். கோவிலின் சரித்திரத்தை எழுதி வாசலில் ஒரு பெரிய பலகை வைக்கலாம், கீழே கொடுத்தவர்கள் பெயரோடு. கோவிலைப் பூட்டிவிடலாம். பழைய கட்டடம், பாரம்பரியச் சின்னம், இனிமேல் அப்படித்தான் காப்பாற்ற வேண்டும். திருவிழாவை வெளியே கூடாரத்தில் ஜாம்ஜாம் என்று நடத்திக்கொள்ளலாம். இதோடு நிறுத்தியிருந்தாலும் தங்கச்சி பஸ் ஏறிப் போயிருப்பார். அவர் நிறுத்தவில்லை.

"கண்டவங்கள்லாம் பூந்து பொழங்குனதாலதான் டோரிசு கெட்டுப்போச்சு. டியூசன்ங்கிற, கருமாதிங்கிற. அது கோவிலா, பொது மண்டபமா?"

அந்த அறையில் அப்புறம் நடந்ததைப் பற்றிக் கமிட்டிக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்கிறார்கள்.

"பொழங்குன வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நீங்க மூடி வச்சதுக்கப்பறம்தான் கரையான் வந்துச்சு. அப்பா செத்தப்ப லயத்துல எடம் இல்லாம அந்தக் கோவில்லதான் கெடத்துனோம். பெட்டியத் தூக்குனது யாரு? மாரியம்மன் கோவில் உடையப்பனும் அவன் அண்ணந் தம்பிங்களும். அன்னைக்கு அவங்ககிட்ட ஞானஸ்நானம் வாங்குன சர்டிபிகேட் கேட்டீங்களா?"

 யாரோ காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அழுதார், ஆத்திரத்தில் வருகிற அழுகை. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் டிஷ்யூ பேப்பரை நீட்டினாள், அதற்கும் முறைத்தார். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் காரியமாகச் சீலிங்கைப் பிடுங்கினார். தாமானில் தச்சு வேலை தெரிந்தவர் மகேந்திரன். அவரும் நாலைந்து பேரும் ஏணி போட்டு ஏறி, பூவேலைப்பாட்டைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கூடவே கரையான் மண்ணும் கொட்டியது. தினேஸ்வரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பெருக்கித் தள்ளினார். மூடியிருந்த சல்லடைகளைத் திறந்ததும் உள்ளே காற்று வந்தது. மகேந்திரன் மேலே தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் நல்ல சேதி. பழைய செங்கால் தூணையும் உத்திரத்தையும் கரையான் தொடவே இல்லை. இடையில் யாரோ மாற்றிய கைமரங்கள்தான் போய்விட்டன. அதற்கு மரம் கிடைத்தால் கோவில் பிழைக்கும்.

மரத்துக்கு எங்கே போவது? கமிட்டியிடம் கையேந்த அக்காவுக்கு மனசில்லை. மாறாக, மகேந்திரன் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இறக்கிப் போட்ட உளுத்த கைமரங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு குரூரமான யோசனை வந்தது. டவுனுக்குப் போய்த் தங்கக் கலர் பெயிண்ட் ஒரு டின்னும் பிரஷும் வாங்கிக்கொண்டு வந்தார்.

திருவிழா அன்றைக்குக் காலையில் கார்கள் வந்து நின்றன. வழக்கமாக வாழைமரமும் தோரணமும் இருக்கிற நடைபாதையின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு, அதன் மேல் உளுத்த கைமரங்களை வரிசையாகச் சாத்தியிருந்தார் அக்கா. ஒவ்வொன்றிலும் தங்க எழுத்து. கரையான் உபயம், இன்னார் குடும்பத்தார், ஈப்போ. பெஞ்சுத் தகடுகளில் இருந்த பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. பட்டுச் சேலை கட்டிய பெண்கள் முதலில் ஆசையாகத்தான் குனிந்து படித்தார்கள். தங்க எழுத்தில் தன் பெயரைக் கண்டால் யார்தான் படிக்க மாட்டார்கள்? படித்து முடித்த பிறகுதான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாருமா சீலிங் போட்டார்கள், இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். கோபம் என்ன தராசா, நிறுத்துக் கொடுக்க?

கோவில் வாசலுக்கு மிக அருகில், எல்லாவற்றிலும் பெரிய கைமரத்தில், சூசைநாதன் குடும்பத்தார் பெயர் இருந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அதை முடிக்கிற அவசரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"இத எடுக்கச் சொல்லு டோரிசு. இல்லாட்டி நாங்க குடுத்ததெல்லாம் திருப்பி எடுத்துக்குவோம். அப்பறம் ஒங்கோவில்ல என்னா இருக்குன்னு பாக்கலாம்லா."

"எடுத்துக்க," என்றார் டோரிஸ் அக்கா. பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்க என்று சொன்ன வாய் அது. "எல்லாத்தையும் எடுத்துக்க. ஒண்ணு வைக்காத."

அந்த வருஷம் பூசை கூடாரத்தில் நடந்தது, பாட்டு சுருதி சேரவில்லை. கலர் விளக்குச் சப்பரத்தைத் தூக்க எப்போதும் போட்டி நடக்கும். அன்றைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. பிரியாணியைப் பாதிப் பேர் தொடவில்லை.

கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்றுதான் ஃபாதர் நினைத்தார். ஈப்போக்காரர்களின் ரோஷம் அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரி வந்துவிட்டது. பெஞ்சுகளைத் தூக்கினார்கள். காத்தாடிகளைக் கழற்றினார்கள். மைக், ஸ்பீக்கர், பூச்சாடி, சுவர்க் கடிகாரம், பீடத்துக் கம்பளம். கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது கோவில் சொத்து என்று ஃபாதர் குறுக்கே நின்று பார்த்தார். போகட்டும் விடுங்கள் என்று அக்காவே அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கழற்ற முடியாத திருகாணிகளுக்குத் தன் கையால் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு குடும்பம் வரவில்லை. வெட்கப்பட்டார்களோ மறந்தார்களோ, தீர்த்தத் தொட்டி மட்டும் தப்பியது.

சூசைநாதன் காரிலேயே உட்கார்ந்திருந்தார். டோரிஸ் அக்கா ஒரு சாக்குப் பையை இழுத்துக்கொண்டு வந்து, காரின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்தார். உடைந்த சீலிங் துண்டுகள், கரையான் மண்ணோடு. அதன் மேல் அப்பா பெயர் எழுதிய வட்டத் தகடு.

"அப்பா பேருல குடுத்த சாமான்ணே. வெளிய போட மனசு வரல. ஒங்க வீட்லயே வச்சுக்குங்க."

அந்த 'நீங்க' திரும்பி வந்துவிட்டது. ஆனால் அக்கா அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சூசைநாதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கிளம்பியதும் பின்னாலேயே போய்விட்டார்.

உள்ளே வெறும் சிவப்புச் சிமெண்டுத் தரை, செங்கால் தூண்கள், பீடம், செபஸ்தியார். அக்கா நடுவில் நின்று பார்த்தார். இத்தனை நாள் இடுப்பில் செருகியிருந்த கோபம் சட்டென்று எங்கேயோ நழுவிவிட்டது போல இருந்தது. பயம் வந்தது. இருந்ததையும் தொலைத்துவிட்டோமோ? தவக்காலத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, கையில் ஒரு மரத்துண்டு இல்லை. தினேஸ்வரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "அக்கா, இப்பதான் பிள்ளைங்கள உக்கார வைக்க எடமே இருக்கு" என்றார்.  அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் கடைக்கு உடையப்பன் வந்தார், மாரியம்மன் கோவில் தலைவர். அம்மனுக்குச் சிமெண்டுக் கோவில் எழுப்பியபோது பழைய மண்டபத்தைப் பிரித்த மரம் கோவிலுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எல்லாம் அந்தக் காலத்துச் செங்கால். தோசையைப் பிட்டு வாயில் போட்டபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"கட்டை சும்மாதான் கெடக்கு. ஆள அனுப்பி எடுத்துக்க."

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவர் இன்னொரு தோசை கேட்டார்.

மகேந்திரன் அளந்து அறுத்தார். தாமான் ஆண்கள் வேலை முடிந்து வந்து வந்து தூக்கிக் கொடுத்தார்கள். பங்கிலிருந்து வந்த இன்ஜினியர் மேலே ஏறி, தட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். தவக்காலத்தின் முதல் நாளன்று, நெற்றியில் சாம்பல் பூச ஃபாதர் வந்தபோது, ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் தினேஸ்வரியும் உடையப்பனும் இருந்தார்கள். புதுக் கூரையில் பெயர் எழுதலாமா என்று ஃபாதர் விளையாட்டாகக் கேட்டதற்கு அக்கா பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

அந்த வருஷம் முழுக்க அண்ணனும் தங்கச்சியும் பேசவில்லை. கிறிஸ்துமசுக்குக்கூட ஷார்மேன் வழியாகத்தான் வாழ்த்து போய் வந்தது. ஜனவரி பிறந்ததும், கடையில் கூட்டமாக இருந்த நேரம், போன் அடித்தது. சூசைநாதன். சுற்றி வளைத்து, மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி விசாரித்து, கடைசியில் திருவிழா இருக்கிறதா என்று கேட்டார். எப்போது இல்லாமல் போனது என்றார் அக்கா.  பிறகு, தாங்கள் வந்தால் உட்கார அங்கே என்ன இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டோரிஸ் அக்கா தோசையைத் திருப்பிப் போட்டார்.

"தரை இருக்குண்ணே. பாய் கொண்டாங்க. பேரு எழுதாத பாயா பாத்துக் கொண்டாங்க."